மிதி... பிடி... விடு!

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க எங்கள் சேலத்தில் தெருவுக்கு ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. காரை நிறுத்தக் கற்றுக்கொடுக்கத்தான் ஆளில்லை. “பிரேக்கை மிதிச்சா நிக்கும் சார்” என்பதோடு பாடம் முடிந்துவிடும். நானும் அதை வேதவாக்காக நம்பி பதினோரு வருஷம் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் ஆறாவது கொண்டை ஊசி வளைவில், மிதித்தேன். நிற்கவில்லை.

பதறாதீர்கள். நின்ற பிறகுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கார். 2009 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வர்க்கம். நான் மூன்றாவது சொந்தக்காரன். முதலாமவர் டாக்டர், இரண்டாமவர் புரொபசர், மூன்றாவது பத்திரிகையில் எழுதிப் பிழைக்கும் நான். புரோக்கர் என்னைப் பார்த்த பார்வையில், ‘வண்டியின் ஜாதகம் இப்படியா இறங்குமுகமாகப் போகணும்’ என்கிற வருத்தம் தெரிந்தது.

அடுத்தது நான். பி.காம்., செகண்ட் கிளாஸ். ஸ்குருவை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதே கல்யாணத்துக்கு அப்புறம் மாமனார் சொல்லித்தான் தெரியும். ஆனால் சிக்கனத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ். பி.காம். படித்தவனுக்கு மலை இறக்கம் என்றால் என்ன? ஓசிப் பயணம்! புவியீர்ப்பு சும்மாவே இழுக்கிறபோது பெட்ரோலுக்கு எதற்குச் செலவு? ஏற்காடு ஏரியைத் தாண்டியதும் கியரை நியூட்ரலில் தள்ளுவேன். கால் பிரேக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். அடிவாரம் வந்ததும் பக்கத்து சீட்டில் மனைவியைப் பெருமையாகப் பார்ப்பேன். “இன்னிக்கு ஒரு லிட்டர் லாபம்!”

அன்றைக்கு வண்டியில் நான், மனைவி, ஆறு வயசு பாப்பா, பின் சீட்டில் மாமியார். மாமியார் மடியருகே மாமனார் கொடுத்தனுப்பிய பலாப்பழம், காப்பிக்கொட்டை மூட்டை. பத்தாவது வளைவிலேயே ஏதோ தீய்ந்த வாசனை. “என்னங்க, கருகற மாதிரி இல்ல?” என்றாள் மனைவி. “வெளிய எவனோ குப்பை கொளுத்தறான்” என்றேன். எட்டாவது வளைவில் பிரேக் பெடல் கொஞ்சம் அதிகமாக இறங்கியது. ஆறாவதில், காலுக்கடியில் பெடல் இல்லை. பஞ்சு மெத்தை இருந்தது. மிதித்தால் தரையைத் தொட்டது.

எதிரே பஸ். வலது பக்கம் பள்ளம்.

சினிமாவில் இந்த இடத்தில் ஹீரோ வசனம் பேசுவான். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கையோ எப்படியோ கியரை செகண்டில் திணித்தது. வண்டி முக்கியது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இடது பக்கம் மலைச் சரிவில் பம்பரை உரசவிட்டேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு முழ இடைவெளியில் கடந்து போனது. நாங்கள் நின்றோம்.

மனைவி இறங்கி, டயருக்குக் கல் தேடினாள். சட்டென்று கிடைக்கவில்லை. மாமியார் ஒரு வார்த்தை பேசாமல் பலாப்பழத்தை எடுத்து நீட்டினார். முன் டயருக்குக் கீழே பலாப்பழம் வைத்து நிறுத்திய ஒரே கார் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் நல்ல பிள்ளை மாதிரி பழையபடி கெட்டியாக இருந்தது! ஃபர்ஸ்ட் கியரிலேயே ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் மனைவி பாப்பாவை ஸ்கூலுக்கு டவுன் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கு மறுநாளும். காரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

*

எங்கள் ஏரியா மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

“நியூட்ரல்ல இறக்குனீங்களா சார்?”

“எப்படி பாய் கண்டுபிடிச்சீங்க?”

“கணக்குப் படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் இறக்கறாங்க சார்.”

பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். புதுசில் இளமஞ்சளாகத் தேன் மாதிரி இருக்க வேண்டியது, எங்கள் வீட்டு டிகாக்ஷனைவிடக் கறுப்பாக இருந்தது. “இதை எப்ப மாத்துனீங்க?” என்றார். மாற்றவேண்டிய பொருள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எண்ணெய்தானே, குறைந்தால் ஊற்றிக்கொண்டால் போச்சு என்று இருந்தேன்.

அப்புறம் பாய் பாடம் நடத்தினார். அவர் சொன்னதை நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஓடுகிற வண்டியில் சக்தி இருக்கிறது. பிரேக் அதை ஒன்றும் மாயமாக மறைத்துவிடுவதில்லை. உராய்ந்து சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான். டெபிட் என்றால் கிரெடிட் இருந்தே ஆகவேண்டும். ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள வண்டி 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை நின்றால் வருகிற சூட்டில், குழாய்த் தண்ணீர் இரண்டு பெரிய தம்ளரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். வேகம் பாதியானால் சூடு பாதியல்ல, கால்பங்கு. வேகம் இரட்டித்தால் நாலு மடங்கு.

இது சமதரைக் கணக்கு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலம் 300-க்குக் கொஞ்சம் கீழே. நடுவில் 1,200 மீட்டர் இறக்கம். அந்த 900 கிலோவை அவ்வளவு உயரத்திலிருந்து இறக்குகிற சக்தியில் 36 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை யார் தலையில் கட்டுவது? கியரில் இறக்கினால் என்ஜின் ஒரு பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கினால்? அத்தனையும் பிரேக் தலையில். கல்யாண வீட்டு அண்டா அளவுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அடுப்பை நான் நாலு சக்கரத்துக்குள் மூட்டியிருக்கிறேன்.

சரி, சூடானால் பெடல் எதற்குப் பஞ்சாக வேண்டும்?

பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது பிரேக் ஆயில். 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதிதான்: மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போகும். ஆனால் பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம். காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற ரகம் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 புதுசில் 230, ஈரத்தோடு 155. கொதித்தால் ஆவி. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி, வாயைப் பொத்தி அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்றை நிரப்பி அழுத்துங்கள், அமுங்கும். நான் ஆறாவது வளைவில் மிதித்தது ஆவியை. முக்கால் மணி நேரத்தில் ஆவி குளிர்ந்து மறுபடி திரவமானது. பெடல் திரும்பி வந்த மர்மம் இதுதான்.

“சரி பாய். ஒரு லிட்டர் பெட்ரோலாவது மிச்சமாச்சு” என்றேன், தோல்வியை ஒப்புக்கொள்ள மனசில்லாமல்.

“அதுவும் இல்ல சார். உங்க வண்டி இன்ஜெக்ஷன். கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டர்ல கால எடுத்தா பெட்ரோலை அதுவே கட் பண்ணிடும். நியூட்ரல்லதான் என்ஜின் அணையாம இருக்கக் குடிச்சிட்டே இருக்கும்.”

பதினோரு வருஷ லாபக் கணக்கு ஒரே வாக்கியத்தில் நஷ்டக் கணக்கானது.

*

“பேடும் தேஞ்சு போச்சு, மாத்திடலாம். நீங்களே பண்ணுங்க சார், நான் பக்கத்துல நிக்கிறேன். கையால ஒரு தடவை கழட்டிப் பாத்தா அப்புறம் ஜென்மத்துக்கும் நியூட்ரல் போட மாட்டீங்க” என்றார் பாய்.

உங்களில் பல பேர் சொந்தக் காசில் முதல் கார் வாங்கியவர்களாக இருப்பீர்கள். திங்கள் முதல் சனி வரை ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் காரைத் துடைத்துவிட்டு ‘மெயின்டனன்ஸ் பண்ணேன்’ என்பவர்கள். உங்களுக்காக நான் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நிபந்தனை: முதல் தடவை தனியாகச் செய்யாதீர்கள். தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் இருக்கவேண்டும். டிரைவிங் பழகும்போது பக்கத்தில் ஆள் உட்கார்ந்தார் அல்லவா, அது மாதிரி.

சமதரை. ஃபர்ஸ்ட் கியர். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. (பலாப்பழம் அவசரத்துக்கு மட்டும்.) வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முறுக்கினால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் மற்ற வேலை. டிக்கியில் இருக்கிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடக்கூடாது. “ஜாக்கி தூக்கும், தாங்காது சார்” என்றார் பாய். பொன்மொழி.

சக்கரத்தைக் கழற்றினால் பளபளவென்று ஒரு தட்டு. அதுதான் டிஸ்க். அதைக் கவ்விப் பிடித்திருக்கும் இரும்புக் கை, காலிப்பர். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இருபுறமும் இரண்டு பேட். புது பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ. வந்தால் மாற்றிவிட வேண்டும். என்னுடையது? பாப்பாவின் அழிரப்பர் மாதிரி ஒரு ஓரம் தேய்ந்து 2 மி.மீ. இருந்தது. சில பேடுகளில் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் ‘கீச்’சென்று கத்தும். ‘என்னை மாத்துடா’ என்று அர்த்தம். நாம் ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொள்கிறோம்.

காலிப்பர் போல்ட்டைக் கழற்றியதும் அதை அப்படியே தொங்கவிடக்கூடாது. அதில் வருகிற ரப்பர் ஹோஸ் இழுபட்டால் போச்சு. கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க வேண்டும். தூசியை வாயால் ஊதக்கூடாது. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. ஸ்பிரே அடித்தோ ஈரத்துணியாலோ துடைக்க வேண்டும். புது பேட் தடிமன் என்பதால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். சி-கிளாம்ப் வைத்து மெதுவாக. அப்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும். வழிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் உரிந்து வந்துவிடும். காலிப்பர் நகர்கிற பின்னுக்கு அதற்கென்று உள்ள கிரீஸ் உண்டு. அது பேடில் ஒரு பொட்டு பட்டாலும் பிரேக் வழுக்கும். மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசு என்றால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும்.

இடது பக்கத்தை பாய் மேற்பார்வையில் வெற்றிகரமாக முடித்தேன். மணி ஒன்று. “தொழுதுட்டு வந்துடறேன் சார். வலது பக்கம் போடுங்க. ஆனா வண்டிய நகத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலது பக்கமும் போட்டேன். நட்டைப் பக்கத்துக்குப் பக்கத்தாக இல்லாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினேன். கீழே இறக்கினேன். கையெல்லாம் கறுப்பு, மனசெல்லாம் பெருமை. ஜன்னலில் மாமியார். ஒரே ஒரு அடி நகர்த்தி நிறுத்திக் காட்டினால் போதும், ஆறாவது வளைவில் போன மானம் திரும்பிவிடும்!

ஸ்டார்ட் செய்தேன். கிளட்சை விட்டேன். வண்டி துளசி மாடத்தை நோக்கிக் கிளம்பியது. பிரேக்கை மிதித்தேன். தரை வரை இறங்கியது.

ஹேண்ட் பிரேக்! அது பின் சக்கரத்து டிரம்மில் தனிக் கேபிளில் வேலை செய்வது. நான் கைவைக்காத ஒரே இடம் அதுதான் என்பதால் வேலை செய்தது. துளசி மாடத்துக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். மாமியார் ஜன்னலை மூடிக்கொண்டார்.

பாய் வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். “பிஸ்டனை உள்ள தள்ளுனீங்கள்ல? அது வெளிய வந்து பேடைத் தொடற வரைக்கும் பெடல் சும்மா போகும் சார். அதான் நகர்த்தறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவை மிதிச்சு, கெட்டியாச்சான்னு பாக்கணும். அதைச் சொல்லத்தான் நகத்தாதீங்கன்னேன்.”

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: பேட் மாற்றிய பிறகு, வண்டி நகரும் முன், பெடல் கல்லாகும் வரை மிதியுங்கள்.

*

அடுத்த ஞாயிறு, ஆயில் மாற்றும் படலம். இதைத் தொழிலில் ‘ஏர் எடுக்கிறது’ என்கிறார்கள். பழைய ஆயிலையும் உள்ளே மாட்டிய காற்றையும் வெளியேற்றுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தடியில். பாய் மேற்பார்வை. பெடலுக்கு ஆள்?

மனைவி மூன்று வாரமாகக் காரைத் தொடவில்லை. கூப்பிட்டேன். நெடுநேரம் யோசித்தாள். வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

முறை இது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன நிப்பிள். அதில் கண்ணாடி மாதிரி தெரிகிற டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் கொஞ்சம் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்க வேண்டும். பெடலில் இருப்பவர் நாலு தடவை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்தால் பழைய ஆயில் குமிழியோடு வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விடலாம். முன்னாடியே விட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். குமிழி இல்லாமல் சுத்தமாக வரும் வரை இதேதான். நடுவே டப்பாவில் ஆயில் வற்றவிடக்கூடாது, வற்றினால் முதலிலிருந்து. எங்கள் வண்டிக்கு பாய் சொன்ன வரிசை, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்திலிருக்கிற இடது பின் சக்கரத்தில் ஆரம்பம். உங்கள் வண்டிக்கு வரிசை வேறாக இருக்கலாம், கையேட்டைப் பாருங்கள்.

“மிதி!” என்றேன்.

“மிதிச்சாச்சு.”

“பிடி!”

“பிடிச்சிருக்கேன்.”

திறந்தேன். “விட்டுறாதே... விட்டுறாதே... மூடியாச்சு. விடு!”

எதிர்வீட்டு மாமி காம்பவுண்டுக்கு வெளியே வந்து நின்று, ‘இந்த வீட்டில் என்ன நடக்கிறது’ என்று பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாவது சக்கரத்தில் நான் மூடுவதற்குள் அவள் விட்டுவிட்டாள். “மூடறதுக்கு முன்னாடி ஏன் விட்டே?” என்று கத்தினேன்.

அவ்வளவுதான். மூன்று வாரமாக அடக்கிவைத்தது வந்தது. கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்டாள். “அன்னிக்கு நான் கருகற வாசனைன்னு சொன்னேன். குப்பைன்னீங்க. பின்னாடி பாப்பா இருந்தா. அதுக்கு நான் உங்களை எவ்வளவு கத்தியிருக்கணும்?”

பாய் சட்டென்று பானெட் பக்கம் திரும்பி எதையோ ஆராய ஆரம்பித்தார். ஸ்பேனரைப் பிடித்தபடி நான் சக்கரத்தடியிலேயே படுத்திருந்தேன். எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். “தப்புதான்ம்மா” என்றேன். கல்யாணமான எட்டு வருஷத்தில், வாதம் செய்யாமல் சொன்ன முதல் ‘தப்பு’ அது.

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. “மறுபடி மிதிக்கட்டா?”

நாலு சக்கரமும் முடிந்தது. அவள் கடைசியாக ஒரு தடவை மிதித்துப் பார்த்தாள். இன்னொரு தடவை மிதித்தாள். “கெட்டியா இருக்குங்க” என்றாள். அவள் காலே சாட்சி.

*

மனுஷன் மனசு இருக்கிறதே, ரிப்பேர் ஆனதும் அடுத்து அலங்காரம் கேட்கும். செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். துளை போட்ட டிஸ்க், சிவப்புப் பெயிண்ட் அடித்த காலிப்பர், பின்னலிட்ட ஸ்டீல் ஹோஸ்... எங்கள் 800-ஐ ரேஸ் காராக்கும் கனவோடு பாயிடம் போனேன்.

“சார், காரை நிறுத்தறது பிரேக் இல்ல.”

“பின்ன?”

“டயர் சார். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். ரோட்டைப் பிடிக்கிறது டயர்.”

உண்மைதான். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டு வழுக்கிப் போகிறது என்றால் பிரேக் தன் வேலையை முடித்துவிட்டது. டயருக்குப் பிடிமானம் போதவில்லை. அதற்கு மேல் எத்தனை பெரிய பிரேக் போட்டும் பிரயோசனமில்லை. பூட்டாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதற்குத்தான் ஏ.பி.எஸ். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம். எங்கள் வண்டி அதற்குப் பத்து வருஷம் மூத்தது.

இன்னொன்று. பிரேக் அடித்தால் நீங்கள் முன்னால் சாய்கிறீர்கள் அல்லவா? வண்டியின் எடையும் அப்படித்தான் முன்னால் சாயும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு. அதனால்தான் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின்னால் மட்டும் பெரிய பிரேக்கைப் போட்டு வைத்தால், முன் சக்கரத்துக்கு முந்தி பின் சக்கரம் பூட்டி வண்டி பம்பரமாகச் சுற்றும். போதாக்குறைக்கு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

கடைசியில் பாய் எழுதிக்கொடுத்த ‘அப்கிரேடு’ லிஸ்ட் இவ்வளவுதான்: நல்ல டயர் நாலு (பள்ளம் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே தூக்கி எறிய வேண்டியது). வயசான ரப்பர் ஹோஸுக்குப் புது ஹோஸ். டாட் 3-க்குப் பதில் டாட் 4. இவை இரண்டும் ஒத்துப்போகும். ஆனால் டாட் 5 என்பது சிலிகான் சரக்கு. இவற்றோடு கலக்கவே கூடாது. பில்லோடு ஒரிஜினல் பேட். சென்னை பாடியில் 1962-இல் ஆரம்பித்த பிரேக்ஸ் இந்தியா மாதிரிக் கம்பெனிகள் இருக்கிற மாநிலத்தில், பேர் தெரியாத டப்பாவில் பேட் வாங்குவானேன்? நாலு பேர் சுமாரான ஹோட்டலில் ஒருவேளை சாப்பிடுகிற செலவுதான்.

புது பேடைப் பழக்க, விடிகாலையில் காலியான ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்குக் குறைப்பது, முழுசாக நிறுத்தாமல், இடைவெளி விட்டு, எட்டுப் பத்து தடவை. அதற்கப்புறம் கொஞ்சதூரம் சும்மா ஓட்டி ஆறவிட வேண்டும்.

மாதா மாதம் செய்யவேண்டியது இரண்டு நிமிஷ வேலை. டப்பாவில் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா? குறைந்தால் ஊற்றிவிட்டு மறக்கக்கூடாது. ஒன்று பேட் தேய்ந்திருக்கும், இல்லை எங்கோ ஒழுகும். பெடல் பஞ்சாகிறதா, அதிருகிறதா? வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா? கீச்சா, கரகரவா? பாங்க் பாஸ்புக் பார்க்கிற அக்கறையில் கால்பங்கு போதும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றம். மாஸ்டர் சிலிண்டர், ஏ.பி.எஸ். பக்கமெல்லாம் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகள் போகவேண்டாம். புது வண்டிகளில் பட்டனை அழுத்தினால் ஹேண்ட் பிரேக் விழுகிறதே, அந்த ரகத்தில் பின் பேடை மாற்றவும் கம்ப்யூட்டர் வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய அப்கிரேடு ஒன்று இருக்கிறது, காசே கிடையாது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு செகண்டில் 16 மீட்டருக்கு மேல் போகிறது. பார்த்து, புரிந்து, கால் பெடலுக்குப் போவதற்குள் பெரும்பாலும் அந்த ஒரு செகண்டு போய்விடும். செல்போன் அடித்தால் இரண்டு. அந்த 16 மீட்டரை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

*

போன மாதம் மறுபடி ஏற்காடு போய்வந்தோம். பாப்பாவும் வந்தாள். மாமியாரும். கிளம்பும்போது மனைவி சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“இறங்கறப்ப நான் ஓட்டறேன்.”

இருபது வளைவும் செகண்ட் கியர். தேவைப்பட்டபோது ஒரு அழுத்து, விடுதலை. சும்மா காலை வைத்திருக்கவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் கண்டுகொள்ளவில்லை. ஆறாவது வளைவில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன். ஒரு கருகல் வாசனை இல்லை. மாமியார் தூங்கியே போனார், மடியில் பலாப்பழத்தோடு. (எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தார்.)

அடிவாரத்தில் டீக்கடையில் நிறுத்தியபோது எனக்கு வலது கால் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டில் பிரேக் கிடையாது என்று தெரியும். ஆனாலும் இருபது வளைவிலும் மிதித்துக்கொண்டேதான் வந்திருக்கிறேன்.

பாய் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பேட் ஜம்முனு இருக்கு சார். உங்க பக்கத்து ஃப்ளோர் மேட்தான் தேஞ்சு போச்சு. அதை மாத்திடலாம்.”